சக்கரவர்த்தியை அவசரப்படுத்தியவர்

பெரில் ஸ்பிங்க் ரோமாபுரியில் மட்டும் ஏழு முறை செத்திருக்கிறார். கத்திக்குத்தில் இரண்டு, கலவரத்தில் மூன்று, கொள்ளை நோயில் ஒன்று. ஏழாவது சாவுக்குக் காரணம் இன்றுவரை அவருக்கே தெரியாது. இயக்குநர் "நீயும் விழும்மா" என்றார், விழுந்தார். ஏழும் லண்டனுக்கு மேற்கே ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் சனி ஞாயிறுகளில் நடந்தவை. திங்கட்கிழமை விடிவதற்குள் ஆக்டன் பஸ் டிப்போ கேன்டீனில் உயிரோடு நின்று டீ ஊற்றிக்கொண்டிருப்பார்.

அது 1974. தொலைக்காட்சித் தொடரின் பெயர் 'பளிங்கு வீடு'. பெயரைத் தவிர வேறெங்கும் பளிங்கு கிடையாது. அட்டைத் தூண்கள் ஆறு இருந்தன. இடம் மாற்றி வைத்தால் அதுவே அரண்மனை, அதுவே கோயில், அதுவே குளியல் கூடம். யாராவது கோபத்தில் கதவைச் சாத்தினால் ரோமாபுரி முழுவதும் ஆடும். கடற்போர் காட்டக் கையில் காசில்லை. அதனால் ஒரு கிழட்டு நடிகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "எரிகிறதே, அத்தனை கப்பலும் எரிகிறதே" என்பார். அவர் கண்ணுக்கு நேரே இருந்தது மணல் நிரப்பிய ஒரு தீயணைப்பு வாளி. வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களோ கப்பல்களைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நிஜக் கப்பலையே கொளுத்திப் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவையெல்லாம் மறந்துபோயின. 'பளிங்கு வீடு' மறந்துபோகவில்லை. ஒரு குடும்பம், ஒரு சாப்பாட்டு மேசை, யார் கிண்ணத்தில் விஷம் என்ற கவலை: மாமியாரோடு கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்ட எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தன்னையறியாமல் அந்தத் தொடர் இன்னொரு ரகசியத்தையும் போட்டு உடைத்தது. ஒரு மனிதனைத் தெய்வமாக்க எவ்வளவு குறைந்த செலவு போதும் பாருங்கள்: ஆறு அட்டைத் தூண், ஒரு ஊதாத் துணி, சொன்னதும் கீழே விழ நாலு பேர்.

அந்த நாலு பேருக்கு ஒரு சட்டம் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசிவிட்டால் அவர் நடிகராகிவிடுவார். வேறு ஒப்பந்தம் போட வேண்டும், கடைசியில் ஓடும் பட்டியலில் பெயர் போட வேண்டும். எனவே ரோமாபுரியின் அடிமைகள் பதின்மூன்று வாரமும் ஊமைகளாகவே இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் பதின்மூன்று வாரமும் பெரில் இருந்தார். போன வாரம் தெருவில் செத்தவர் இந்த வாரம் செனட்டர் வீட்டில் பழத்தட்டு ஏந்துவார்.

பதினோராவது வாரம் சட்டம் உடைந்தது. சக்கரவர்த்தி சாகிற காட்சி. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்தோடு படுக்கையோரம் நிற்க வேண்டியது பெரிலின் வேலை. மணி பத்தடித்தால் மின் ஊழியர்கள் விளக்கை அணைத்துவிடுவார்கள். தொழிற்சங்க விதி, நியாயமான விதியும்கூட, அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. பத்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது சக்கரவர்த்திக்குத் தன் பன்னிரண்டு வரி வசனத்தில் பதினொன்று மறந்துபோனது. "ரோமே..." என்றார். கூரையைப் பார்த்தார். மறுபடியும் "ரோமே..." என்றார். இயக்குநர் தலையில் கை வைத்தது கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது.

பெரிலுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, சாதாரணக் குரலில் சொன்னார்:

"சீக்கிரம் ஆகட்டும் பிரபு. உங்களுக்குப் பின்னால ஆள் நிக்குது."

படுக்கையில் கிடந்த சக்கரவர்த்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிஜமான பயம் வந்து போயிற்று. கண்ணை மூடினார். விளக்கு அணைந்தது.

மறுவாரம் அது ஒளிபரப்பானதும் ஊரெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் பேசியது. ஆனால் படம் எடுத்த அன்றிரவே இயக்குநர் பெரிலைத் தனியே கூப்பிட்டு, "நீ பேசினேன்னு வெளிய தெரிஞ்சா ஒப்பந்தம், சங்கம்னு ஆயிரம் கேள்வி வரும், காட்சியையே வெட்டிடுவாங்க. உனக்கு அது சம்மதமா?" என்றார். காட்சி பிழைக்கட்டும் என்று பெரில் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் கல்யாணம், இரண்டு பெண்கள், டீ மேடைக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம். வாயைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஐம்பதாம் ஆண்டில்தான் வந்தது வினை. பழைய ஒளிநாடாக்களைச் சுத்தப்படுத்தித் தொடரைப் புதிதாக வெளியிடப் போவதாக நிறுவனம் அறிவித்தது. விட்டுப்போன பெயர்களைச் சேர்த்துப் பட்டியலைத் திருத்துவார்களாம். 'பளிங்கு வீடு' ரசிகர் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர் லயனல் பெட்டிஃபர், அந்தப் புகழ்பெற்ற குரல் மகாராணியாக நடித்த அம்மாளுடையது என்று எழுதிக் கொடுத்திருந்தார். வரும் சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

நூலக அறிவிப்புப் பலகையில் இதைப் படித்த பெரில், நேராகத் தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த மொஹிந்தர் சிங்கின் கதவைத் தட்டினார். பழைய பஸ் கண்டக்டர். தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தொப்பி போடு என்று நிர்வாகம் சொன்ன காலத்தில் ஒரு வருடம் சண்டை போட்டு, தலைப்பாகையோடு டிக்கெட் கிழித்தவர்.

"நான் பேசினதுக்கு எவளோ ஒருத்தி பேரைப் போடப் போறாங்க, மொஹிந்தர்."

"அம்பது வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க, பெரில் ஜி?"

"டீ ஊத்திட்டு இருந்தேன்."

"ம்... கோட்டு எடுத்துட்டு வரேன், இருங்க."

"கூட்டம் சனிக்கிழமைய்யா."

"அப்ப சனிக்கிழமை எடுத்துட்டு வரேன். உள்ள வந்து உட்காருங்க."

சனிக்கிழமை மதியம், ஈலிங் தேவாலயத்தின் கூட்ட அறை. படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு நாற்பது ரோமானியர்கள். வெப்பமூட்டி வேலை செய்யாததால் உள்ளே கம்பளிச் சட்டை. தட்டுகளில் திராட்சையும் சாசேஜ் ரோலும். திரையில் தூண் ஆடும்போதெல்லாம் எல்லோரும் ஒரு மடக்கு சைடர் என்ற ஆப்பிள் மது குடிக்க வேண்டும், யார் செத்தாலும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முதல் பகுதி முடிவதற்குள் நிற்பது சிலருக்குச் சிரமமாகிவிட்டிருந்தது.

பெட்டிஃபர் மேடை ஏறினார். கையில் அவரே எழுதிய அறுபது பக்கப் புத்தகம். எதிரே நிறுவனத்திலிருந்து வந்த டாம்சின் என்ற பெண் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏழு முறை அந்தப் பெண் சாகிறாள், மறுபடி வருகிறாள்," என்றார் பெட்டிஃபர். "இது தற்செயலா? இல்லை. அவள்தான் விதி தேவதை. மணிக்கட்டில் உள்ள பிறை வடிவ வடுவைப் பாருங்கள், பலிச் சடங்கின் முத்திரை. கடைசியில் அவள் சொல்கிற வரி ரோமானியத் தத்துவத்தின் சாரம். அதை உச்சரிக்க மகாராணியின் குரலைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்."

பின்வரிசையில் பெரில் எழுந்தார். "அது நான் கண்ணு."

"எது நீங்கள்?"

"தேவதை."

சிரிப்பு வெடித்தது. பெரில் முன்னால் நடந்துபோய்க் கோட்டுக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டில் பிறை வடிவத்தில் ஒரு வெளுத்த தழும்பு. "டிப்போ டீ பாய்லர். அறுபத்தொன்பதாம் வருஷம். மூடி சரியா உட்காராது. ரெண்டு தடவை புகார் எழுதிக் கொடுத்தேன், சூப்பர்வைசர் ரெண்டையும் படிக்கல."

திரையில் நின்றுபோயிருந்த படத்தையும் கையையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. பெட்டிஃபர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"கை உங்களுடையதாக இருக்கலாம், அம்மா. குரல்? அதைப் பின்னால் சேர்த்திருப்பார்கள்."

"மகாராணி எட்டாவது வாரமே விஷம் குடிச்சுச் செத்தாச்சு. என் மடியிலதான் செத்தாங்க, நல்ல கனம். அதோட கார்டிஃப்ல வேற நாடகத்துக்குப் போயிட்டாங்க. அப்புறம் உங்க புத்தகம் பதினோராம் பக்கம். நூலகத்துல உட்கார்ந்து முழுசும் படிச்சேன். 'இத்தொடரில் ஒரு சொல்கூடப் பின்னர் சேர்க்கப்படவில்லை. அனைத்தும் அங்கேயே, அப்போதே பதிவானவை.' நீங்க எழுதினதுதானே சார்?"

பெட்டிஃபர் பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். அது அங்கேதான் இருந்தது. தன் புத்தகத்தை இவ்வளவு கவனமாகப் படித்த முதல் ஆளை அவர் அன்றுதான் சந்தித்தார்.

"ஆனால் அந்த வரி!" என்றார் பரிதாபமாக. "அந்த ஆழம்! ஒரு டீ... மன்னிக்கணும்... அப்படிப்பட்ட வரி எங்கிருந்து வரும்?"

"டீக்காரின்னே சொல்லுங்க, தப்பில்ல," என்று எழுந்தார் மொஹிந்தர். "நான் அறுபத்தெட்டுல ஆக்டன் டிப்போவுக்கு வந்தேன், எழுபத்திரண்டுல ஹவுன்ஸ்லோவுக்கு மாத்திட்டாங்க. உங்க நாடகம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னால. அந்த நாலு வருஷமும் காலையில அஞ்சரை மணிக்கு இந்தம்மா எங்கிட்ட என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'சீக்கிரம் ஆகட்டும் கண்ணு. உங்களுக்குப் பின்னால ஆள் நிக்குது.'"

"எல்லார்கிட்டயும் சொல்வேன்," என்றார் பெரில். "இவர் சர்க்கரை போடவே கால் மணி நேரம் எடுப்பார்."

"மூணு ஸ்பூன்தான்!"

"அஞ்சு."

டிப்போவில் டீக்குக் காத்திருந்தவர்களுக்கும் ராஜாவுக்கும் ஒரே சொல். வித்தியாசம், 'கண்ணு' இருந்த இடத்தில் 'பிரபு'. நாற்பது படுக்கை விரிப்புகளும் இதை மென்று விழுங்கச் சற்று நேரம் பிடித்தது. இத்துடன் தேவதை ஒழிந்தாள் என்று நினைத்தால் உங்களுக்குப் பக்தர்களைத் தெரியாது. முன்வரிசையில் ஒருவர் கண்கலங்க எழுந்தார்: "அப்படியானால் விதி தேவதை ஒரு டீக்கடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்! இவர் வாய் வழியாகப் பேசியிருக்கிறாள்!" கைதட்டல். முழுகிக்கொண்டிருந்த பெட்டிஃபருக்குப் பிடிக்க ஒரு கட்டை கிடைத்தது. டாம்சினின் காதில் ஏதோ சொன்னார். டாம்சின் தட்டச்சு செய்து, கணினியைப் பெரில் பக்கம் திருப்பினார்.

'விதி தேவதை: பெரில் ஸ்பிங்க்.'

பெரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவருடைய பெயர் அப்படி அச்சில் இருப்பதை மின்கட்டண ரசீதில்தான் பார்த்திருக்கிறார். விரல் அந்த வரியின் மேல் சற்று நின்றது.

"முன்னாடி இருக்கறதை எடுத்துடு கண்ணு."

"எதை?"

"தேவதையை. 'அடிமைப் பெண்'னு போடு. நான் அதுக்குத்தான் போனேன்."

பெட்டிஃபர் பதறினார். "அம்மா, ஐம்பது வருடமாக உங்களைக் கும்பிடுகிறோம்! மாநாடு நடத்தியிருக்கிறோம்! தெய்வமாக இருப்பதில் என்ன குறை?"

"கும்பிட்டீங்க சார். பேரென்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" பெரில் குரலை உயர்த்தவில்லை. "ரோம்ல வேலைக்காரி வந்தா, போனா, செத்தா, மறுநாள் வேற ஒருத்தி வந்து அதே தட்டைத் தூக்கினா. அதுல தேவ ரகசியம் ஒண்ணுமில்ல. ஆள் கிடைச்சாங்க, வேலை வாங்கினாங்க, அவ்வளவுதான். தேவதை யாருன்னு எனக்குத் தெரியாது. அடிமை நிஜமா இருந்தா. அவ வாயைத் திறந்து ஒரே ஒரு வாட்டி பேசியிருக்கா. அதையும் பிடுங்கி வேற யாருக்கோ கொடுக்கறீங்களே, நல்லாவா இருக்கு?"

படுக்கை விரிப்பு நழுவிய ஒருவர் அதைத் தோளில் ஏற்றிக்கொள்ளாமல் அப்படியே மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

டாம்சின் பெட்டிஃபரைப் பார்த்தார். பெட்டிஃபர் தன் புத்தகத்தைப் பார்த்தார். நல்ல ஆசிரியர்தான் பாவம். தப்பு என்று தெரிந்தபின் தப்பைச் சரியென்று நடத்த அவருக்கு வரவில்லை. "மாற்றுங்கள்," என்றார். பிறகு மெதுவாக, "அப்போ... அந்த வடு நிஜமாகவே பாய்லரா?"

"நிஜமாவே பாய்லர்."

டாம்சின் மாற்றினார். "ஓடவிட்டுக் காட்டட்டுமா?"

விளக்கை மங்கலாக்கினார்கள். பெரில் இரண்டாம் வரிசையில் உட்கார, பக்கத்தில் மொஹிந்தர் உட்கார்ந்தார். ஊதுகுழல் இசையோடு பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின: சக்கரவர்த்தி, மகாராணி, தளபதிகள், சிகையலங்காரம்.

"வந்துச்சா?" என்றார் மொஹிந்தர்.

"வந்துச்சுன்னுதான் நினைக்கறேன். தும்மல் மாதிரி போயிடுச்சு."

"நான் குனிஞ்சு கண்ணாடி எடுத்தேன், அதுக்குள்ள போயிடுச்சு."

"மறுபடி போடு கண்ணு," என்றார் பெரில்.

டாம்சின் மறுபடி போட்டார். இந்த முறை கூடத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அடிமைப் பெண்: பெரில் ஸ்பிங்க். ஒரு நொடி, அல்லது அதிலும் குறைவு. யாரும் செத்திருக்கவில்லை; ஆனாலும் பின்வரிசையில் யாரோ எழுந்து நின்றார், பிறகு முன்வரிசை உட்பட இன்னும் சிலர்.

"இப்ப பார்த்தேன் பெரில் ஜி! நல்லா பார்த்தேன்!"

"நான் பார்க்கல. எனக்கு முன்னாடி இவர் எந்திரிச்சு மறைச்சுட்டார்," என்றார் பெரில். "உட்காருங்க சார். நீ மறுபடி போடும்மா."