வாசல் சிமெண்டுக்கு அடியில்

தரையில் காதை ஒட்டி வைத்தால் மட்டுமே கேட்கும் அந்த ரீங்காரம், வடக்கே நாங்கள் பிழைக்கப் போன நகரத்தின் ஆண்டாப் ஹில்லில் எங்கள் ஒற்றை அறைக் "கோலி"யின் வாசற்படிக்குக் கீழே, ஒரு முழ அகல மண்ணுக்குள்ளிருந்து வரும். பென்சில் நுழையும் அளவில் ஏழெட்டுப் பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரேயொரு பூச்சி, கால்களில் மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு, தன்னந்தனியாகப் போய் வந்துகொண்டிருக்கும். எங்களுக்கு அது "குளவி".

அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. "வாசல்ல குளவி கூடு கட்டுனா பிள்ள தங்கும்ட்டி, அதுல யாரும் கைய வச்சிராதிய" என்று பக்கத்துக் கோலி அத்தை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், எனக்கு விளையாட்டு மறந்துபோனது. குடத்தோடு வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களோ, சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுமோ என்று காவல் கிடந்தேன்.

மழைக்கு முன்னால் வாசலுக்குச் சிமெண்ட் பூசுவது எங்கள் வரிசையில் வழக்கம். அம்மா சேற்றில் வழுக்கிவிடக் கூடாதே என்று அப்பா அந்த வருஷம் முந்திக்கொண்டார். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வாசல் வழவழவென்று இருந்தது. பொந்துகள் இருந்த இடங்களை உத்தேசமாகத் துடைப்பக் குச்சியால் குத்தி, அத்தை சொன்னதை அழுதுகொண்டே அப்பாவிடம் ஒப்பித்தேன். "கிறுக்கு பிடிச்சிருக்காட்டி ஒனக்கு?" என்று கொத்துக்கரண்டியால் அந்தத் துளைகளையும் தேய்த்து மூடினார்.

நான்காம் நாளே அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. காவலைக் கோட்டைவிட்டது நான்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த அப்பா, "டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லலட்டி" என்றார். துணியை எடுக்கவில்லை, கடப்பாரையை எடுத்து வாசலைப் பெயர்த்தார். ஒரு சிமெண்ட் கட்டியோடு ஒட்டி வந்த மண்ணில் கொத்தமல்லி விதை அளவு மஞ்சள் உருண்டை, அதன்மேல் வெள்ளையாய் ஒரு முட்டை. அதை அப்படியே குழிக்குள் வைத்து, விரல்களால் மண்ணைத் தூவினார். அதன்பிறகுதான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தங்கச்சி பிழைத்தாள். அது குளவியே இல்லை, மண்ணுக்குள் தனித்து வாழும் தேனீ என்றும், தாய் மகரந்தத்தை உருட்டி, மேலே முட்டையிட்டு, பொந்தை அடைப்பதோடு சரி, பிள்ளையின் முகம் பாராமலே செத்துப்போகும் என்றும் பின்னாளில் படித்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் இன்று பதினேழு மாடி நிற்கிறது. கீழே கார் நிறுத்தும் தரையில் ஒரு கைப்பிடி மண் கிடையாது. போன மாதம் அப்பாவிடம் கேட்டேன், அத்தை சொன்னதை அவரும் நம்பினாரா என்று.

"நம்பலட்டி," என்றார். "பயந்தேன்."