கவலை ஓட்டிய கால்கள்

வடகரப்பதி அர்த்தநாரியின் பாட்டுக்குத் தேதி கேட்டுப் பொள்ளாச்சி முதல் பாலக்காடு வரை திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட பாட்டுக்காரர் 1974 மாசியில், மூன்று நாளாகக் கொல்லங்கோட்டு நெல்லுக் களத்தில் மூக்கில் அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

பாடிக்கொண்டே சண்டை போட்டு ஜெயிக்கிற ஒரு குத்துச்சண்டைக்காரனின் கதை. அதைச் சினிமாவாக எடுத்தார்கள்; அவர்தான் கதாநாயகன். களத்தில் பலகை மேடை போட்டு நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் ஏற்கெனவே பாடிப் பதிவு செய்த பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும். அதற்கு வாயசைத்தபடியே குத்துக்குத் தப்ப வேண்டும். எதிராளி சங்கையா சக்குபள்ளம் ஏலத்தோட்டத்துக்காரன், நிஜமாகவே குத்துச்சண்டை பழகியவன். வாயைக் கவனித்தால் மூக்கில் குத்து விழுந்தது. குத்தைக் கவனித்தால் வாய் நின்றது.

“நான் மெதுவாத்தான் குத்துதேன் அண்ணாச்சி. நீங்கதான் மூஞ்சியக் கொண்டாந்து குடுக்கிய” என்றான் சங்கையா.

மூன்றாம் நாள் மதியம் டைரக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சாயங்காலத்துக்குள்ள இந்தச் சண்டை முடியலேன்னா வேற ஆளைப் போட்டுடறோம் சார். குரல் உங்களுதே இருக்கட்டும். உடம்புக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வரார்.”

அது குத்தைவிட வலித்தது. திரையில் தன் முகத்தைப் பார்க்க ஊரே பஸ் பேசி வைத்திருக்க, எவனோ ஒருவன் தன் குரலுக்கு வாயசைப்பதா?

சோற்றுப் போசியோடு வந்த அவர் மனைவி மருதாத்தாள் காதிலும் அது விழுந்தது.

“ஏனுங்க, மைக்கு முன்னால நிக்கறாப்பல ஊணிக்கிட்டு நின்னா அடி உழுகாம என்ன பண்ணும்? கெணத்துல கவலை ஓட்டறப்ப இப்படியா நின்னீங்க?”

“இங்கெங்க புள்ள கவலை?”

“அந்தக் கயித்தத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். மேடையைச் சுற்றிக் கட்டியிருந்தது கிணற்று வடம். உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிட்டது. தோட்டத்துக்கு மோட்டார் வரும்வரை பதினைந்து வருஷம் மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த கை அல்லவா! மாடுகள் சரிவில் இறங்க, நீர் நிறைந்த தோல்சால் மேலே வரும். அப்போது பாட்டை நீட்டுவார். நீர் கொட்டியதும் மாடுகளைப் பின்னுக்கு நடத்தித் தானும் பின்னோக்கியே மேடேறுவார். பாட்டு குறுகித் துள்ளும். படத்துப் பாட்டின் மெட்டும் அதே மெட்டுதான். வாய்க்குத் தெரிந்ததைக் காலுக்குச் சொல்லாமல் விட்டிருந்தார்.

“பாட்டை ஓட்டுங்க” என்று எழுந்தார்.

நீட்டல் வந்தது, முன்னே நடந்தார். சங்கையா ஒதுங்கினான். துள்ளல் வந்தது, எட்டு எட்டாகப் பின்னுக்கு வந்தார். சங்கையாவின் கை காற்றில் போனது. மறுபடி முன்னே, மறுபடி பின்னே. வாய் ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. பல்லவி முடிகிற இடத்தில் எதிராளியின் தோளில் ஒரே குத்து விட்டார். நடிப்புக்காக விழ வேண்டிய சங்கையா, மூச்சிரைத்து நிஜமாகவே உட்கார்ந்துவிட்டான்.

“உடம்பும் உங்களுதே சார்!” என்று டைரக்டர் கத்தினார்.

“கவல மாடு மாதிரி பின்னாலயே போறியளே அண்ணாச்சி!” என்றான் சங்கையா.

“மாடு நானில்ல தம்பி” என்றார் அர்த்தநாரி, வடத்தில் சாய்ந்தபடி. “நான் ஓட்டறவன்.”

படம் வந்தபோது வடகரப்பதிக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் போனார்கள். சண்டைக் காட்சியில் கொட்டகை முழுக்க மாட்டை அதட்டுகிற சத்தம். சங்கையாவும் வந்திருந்தான். அதிகமாகக் கத்தியவன் அவன்தான்.