முட்டியில் போடாத சோகி

புத்தளத்து எங்கள் ஆராய்ச்சிச் சபையின் அங்கத்தவர் புத்தகத்தை ஒரு கையால் தூக்க முடியாது. முதற் பக்கங்களில் முழுக்க வெள்ளைக்காரர்கள்: உப்புப் பகுதி அதிகாரி, நீதவான், ஒரு குருவானவர், பூச்சிகளைப் பிடித்துப் போத்தலில் அடைத்து வைத்த ஒரு டொக்டர். நாலைந்து தலைமுறை கழித்து, நடுப்பக்கத்தில்தான் நம்மவர்கள் தலைகாட்டுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் தெரிவான நாள், தொழில், தகப்பனின் தொழில் எல்லாம் எழுதியிருக்கும். ஆள் இறந்துவிட்டால் சிவப்பு மையால் ஒரு கோடு. நான் செயலாளராக இருந்த காலத்தில், ஏதாவது சாட்டு வைத்து அந்தப் புத்தகத்தைத் திறந்து என் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். வெட்கங்கெட்ட பழக்கம்தான். என் தகப்பனின் தொழில் 'கருவாட்டு வியாபாரம்' என்று அதிலே என் கையெழுத்திலேயே இருக்கிறது. அது பொய்.

என் அப்பா கற்பிட்டிக் கரையில் வேறொருவருடைய கரைவலையில் கயிறு இழுத்தவர். கூலிக்கு இழுத்தவர். பங்குச் சுவாமியின் தயவால் நான் இங்கிலீஷ் படித்து, புத்தளத்தில் வாத்தியாராகி, கோட்டும் சப்பாத்தும் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சபையின் கதிரையில் உட்காரும் ஆளானேன். அங்கே யாராவது ஒருவர் களப்பு என்ற எங்கள் கடலேரியைப் பற்றியோ கோட்டைக் கல்லறைகளைப் பற்றியோ கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவோம். அங்கத்தவர் தானே எழுதி வாசித்த கட்டுரைதான் சபையின் ஏட்டில் அச்சாகும். மற்றவன் எத்தனை பெரிய அறிவாளியாக இருந்தாலும் அவன் எழுத்து அவன் வீட்டுப் பரணில்தான்.

சேருவதும் இலேசில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைச் சோகி, அதாவது சோழி; கூடவே ஒரு புளியங்கொட்டை. 'ஓம்' என்றால் சோகியும் 'இல்லை' என்றால் புளியங்கொட்டையும் பெட்டிக்குள் போகும். கையில் மிஞ்சியதை மூலையிலிருக்கும் வாய் ஒடுங்கிய மண்முட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஆதியில் சீமையிலிருந்து வந்த கறுப்பு வெள்ளை உருண்டைகள் இருந்தனவாம். அவை எங்கேயோ தொலைந்து போக, யாரோ ஒரு நீதவான் தாயம் விளையாடும் சோகியையும் குசினிப் புளியங்கொட்டையையும் ஏற்பாடு செய்தாராம். பெட்டிக்குள் ஒரேயொரு புளியங்கொட்டை கிடந்தாலும் ஆள் வெளியே. ஊருக்குள் யாராவது யாருக்காவது குழி பறித்தால் 'புளியங்கொட்டை போட்டுட்டான்' என்று சொல்கிற அளவுக்கு இது பேர்போன வழக்கம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஒரு வருடம், அப்பா கயிறு இழுத்த அதே வலையின் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் சின்ன வயதிலிருந்து களப்பைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருந்தார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் உள்ளே வரும், சாதாழைக் கடற்புல் எங்கே செழிக்கும், எப்போது கருகும், உப்பளத்து நீரைத் திறந்துவிட்டால் இறால் குஞ்சுகளுக்கு என்ன நடக்கும் என்று கொப்பி கொப்பியாக இருந்தது. வாசித்தபோது எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. நான் அதுவரை சபையில் வாசித்த இரண்டு கட்டுரைகளும் வேறு புத்தகங்களிலிருந்து கிள்ளி எடுத்தவை.

"தம்பி, இது என்னோட செத்துப் போகக்கூடாது. அச்சில வரவேணும். அதுக்கு மட்டுந்தான் கேக்கிறன்" என்றார்.

மறுக்க முடியவில்லை. ஊரான் ஒருவனைத் தூக்கிவிட்ட பெருமையும் நமக்கே வரட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் பெயரை நானே முன்மொழிந்தேன். அவருடைய கட்டுரையை இங்கிலீஷில் ஆக்கி, சபையின் விசேட அனுமதியோடு நானே வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஹாஜியார் மட்டும் கேள்வி கேட்டார். அவர் உப்பளமும் கருவாட்டுக் கடையும் வைத்திருந்த புத்தளத்து முதலாளி. சபையின் பழைய அங்கத்தவர். உப்பளத்து நீரைப் பற்றிச் சொன்னதற்கு என்ன ஆதாரம், எத்தனை தடவை பார்த்தது, எந்த மாதம் என்று துருவித் துருவிக் கேட்டார். நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெரிவு நாளன்று பின்னேரம் சம்மாட்டியார் மகன் வெள்ளைச் சாரமும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வந்து விறாந்தையில் காத்திருந்தார். நான் உள்ளே போகப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அடுத்த கட்டுரையும் யோசிச்சிட்டன், தம்பி. கரைவலையப் பத்தி. உங்கட அப்பாட பேர்லதான் தொடங்கப் போறன். அவர மாதிரிக் கயிறு புடிச்ச ஆள் இந்தக் கரையிலயே இல்ல. அந்தத் தோள் காய்ப்பு எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கிது."

அவர் கண் கலங்கியிருந்தது. அது அன்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். இந்தக் கதிரைகளுக்கு முன்னால் நின்று, என் அப்பாவின் தோள் காய்ப்பை இந்த மனுசன் வாசிக்கப் போகிறார். தலைவர் புத்தகத்தைத் திறந்து 'கருவாட்டு வியாபாரம்' என்பதைப் பார்ப்பார். நான் அப்போது நினைத்தது இவ்வளவுதான். பெட்டி என்னிடம் வந்தது. கோட்டுப் பைகளில் சோகி ஒரு பக்கம், புளியங்கொட்டை ஒரு பக்கம். நான் முன்மொழிந்த பெயருக்கு நானே புளியங்கொட்டையைப் போட்டேன்.

தலைவர் பெட்டியைத் திறந்தார். வெள்ளைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு. எழுந்து போய் விறாந்தையில் நின்றவரிடம் சொல்லும் பொறுப்பு செயலாளருக்கு, அதாவது எனக்கு. சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "நீங்க உங்களால ஏண்டதச் செஞ்சிங்க. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

உள்ளே வந்து தேநீர்க் கோப்பையை எடுத்தேன். வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்கக் கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை இழுத்தேன். அதோடு சேர்ந்து சோகியும் வந்து, தரையில் டக்கென்று விழுந்து உருண்டது. பெட்டியை அடுத்தவரிடம் தள்ளிய அவசரத்தில் மிஞ்சியதை முட்டிக்குள் போட மறந்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஹாஜியார் அதன்மேல் தன் செருப்பை வைத்தார்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து அதை எடுத்து, மூலைக்குப் போய் முட்டிக்குள் போட்டார். அந்த நேரம் பார்த்து ஓய்வுபெற்ற தபாலதிபர் திரும்பினார்.

"ஹாஜியார், இப்பதானா போடுறீங்க? சோகியா அது?"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. கையில் சோகி மிஞ்சியவன்தான் புளியங்கொட்டை போட்டவன். அதைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை.

"ஓம், மறந்துட்டன்" என்றார் ஹாஜியார்.

நான் தேநீரைக் குடித்தேன். நான் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்தேன். பயம் மட்டுமில்லை. தப்பிவிட்டோம் என்ற சந்தோசம் அது. அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் காலை அவர் கடைக்குப் போனேன். "ஹாஜியார், நான் எல்லாரிட்டயும் உண்மையச் சொல்லிர்றன்" என்றேன்.

அவர் கருவாட்டுச் சிப்பத்தைக் கட்டிக்கொண்டே பேசினார். "சொல்ற ஆளெண்டா நேத்தே சொல்லிருப்பீங்க, மாஸ்டர். உடுங்க. எனக்குக் கட ஈக்கிது, புள்ளயள் ஈக்கிது. உங்களுக்கு அந்தக் கதிரைய உட்டா என்ன ஈக்கிது?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. ஆனாலும், அறை வாங்கியவன் திருந்தவில்லை. 'அவரே விடச் சொல்லிவிட்டார்' என்று அதையே ஒரு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செய்தி கரைக்குப் போய்ச் சேர அதிக நாளெடுக்கவில்லை. உப்பளத்தைப் பற்றி எழுதிய வயிற்றெரிச்சலில் ஹாஜியார் கழுத்தறுத்துவிட்டார் என்று ஆயிற்று. சம்மாட்டியார் மகன் அந்தக் கடைக்குக் கருவாடு போடுவதை நிறுத்தினார். அவர் பின்னால் கரையில் மீன்வாடி வைத்திருந்த மற்றவர்களும் நிறுத்தினார்கள். திருநாள் பெருநாளுக்குப் பலகாரத் தட்டு மாறிக்கொண்ட இரண்டு வீடுகள் முகம் பார்க்காமல் போயின. இந்தக் கதை வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து, "உடுங்க, நடந்தது நடந்து போச்சு" என்று பெரிய மனுசன்போலச் சொல்வேன்.

ஒரு வருடம் கழித்து ஹாஜியாரே சம்மாட்டியார் மகனின் பெயரை மறுபடி முன்மொழிந்தார். சம்மதமா என்று நான் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். பதில் ஒரு வரியில் வந்தது: 'அந்த ஆள்ட வாயால என்ட பேர் வரக்கூடாது.' அந்த நேரத்திலாவது நான் கற்பிட்டிக்குப் பஸ் ஏறி உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'விண்ணப்பதாரர் விரும்பவில்லை' என்று குறிப்பேட்டில் அழகாக எழுதி, ஒற்றுத்தாள் வைத்து ஒற்றினேன்.

யுத்தம் வந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஹாஜியார் மௌத்தானார். அங்கத்தவர் புத்தகத்தில் அவர் பெயருக்குச் சிவப்புக் கோடு போட வேண்டியது நான். பேனையை மையில் தோய்த்தேன். கை ஓடவில்லை. முதல் தடவையாக, என் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அடுத்த கிழமை கற்பிட்டிக்குப் போனேன்.

சம்மாட்டியார் மகன் தன் மீன்வாடியில் இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, புளியங்கொட்டையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அப்பாவின் தொழிலைப் பற்றி எழுதிய பொய்யையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"ஹாஜியார் மௌத்தாகி எத்தின நாள்?"

"போன வெள்ளிக்கிழம, அண்ணன்."

அவர் எழும்பி உள்ளே போனார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நல்ல கருவாடாகப் பார்த்து ஓலைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். அந்த வீட்டுக்குப் போகப் போகிறார் என்று விளங்கியது. நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம். நீ செஞ்சத நீ சொல்லிட்டாய். நான் அந்த மனுசன்ட முகத்துக்கு நேர காறித் துப்பியிருக்கிறன், தம்பி. சந்தையில, எல்லாருக்கும் முன்னால. அவர் தொடச்சிட்டுப் போனார். அத நான் யாரிட்டப் போய்ச் சொல்லுவன்?"

அதுவரை எனக்கு அது தெரியாது. அவர் என்னைத் திட்டவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக என்னை 'நீ' என்றார், அவ்வளவுதான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் பாதைக்கு நடந்தார்.

வாடியில் நான் மட்டும் நின்றேன். மேசையில் அவருடைய கொப்பிகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததைத் திறந்தேன். கரைவலைக் கட்டுரை. யாரும் அச்சிடப் போவதில்லை என்று தெரிந்தும் முழுதாக எழுதி முடித்திருந்தார். முதல் வரியில் என் அப்பாவின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய தொழில், உள்ளது உள்ளபடி.