கொஞ்சம் இரு, ஆயிடும்

கர்ப்பமாகி ஏழாம் மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. வேலைக்குப் போகக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் சும்மா கிடந்து அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த என் கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, தண்டையார்பேட்டை வீட்டில் கட்டிலை ஒட்டி வைத்தார்.

அப்போது சில தமிழர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, இலவச மென்பொருள் ஒன்றைத் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார்கள். அதன் பொத்தான்களில் வரும் சொற்களில் ஒரு பகுதி என்னிடம் வந்தது. நான் தமிழில் எழுதி ஃபிளாப்பியில் போட்டுத் தருவேன். கணவர் வேலை முடிந்து வரும்போது பிரவுசிங் சென்டரில் ஏறி அதை அனுப்பிவிட்டு, வந்த பதிலையும் அதிலேயே போட்டுக்கொண்டு வருவார்.

அவர் ராயபுரத்துக்காரர். ‘சேமி’, ‘திற’, ‘மூடு’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, “இன்னா இது, மரியாதையே இல்லாம கீது?” என்றார். பொத்தான் என்பது மெஷினுக்கு நாம் போடும் உத்தரவு, அதற்கு மரியாதை வேண்டாம். மெஷின் நம்மிடம் பேசும் இடத்தில் மட்டும் ‘காத்திருக்கவும்’ என்று மரியாதையாக வரும் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு நாள் மதியம் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் யார்டுக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை, உள்ளங்கையில் அடங்கிவிடும் போல. அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நான் வார்டில் கிடந்தேன். மாற்றுத்துணி எடுக்க அவர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்தார்.

குழந்தையோடு வீடு திரும்பிய பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் பாதியில் விட்டிருந்த சொற்களெல்லாம் முடிந்திருந்தன. நான் கவலைப்படுவேன் என்று, துணி எடுக்க வந்த நேரத்திலெல்லாம் ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார். ‘ரத்து’ வர வேண்டிய இடத்தில் ‘வேணாம், வுடு’. ஒரு கோப்பு இறங்கும்போது ‘வந்துகினே கீது’. தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். ‘காத்திருக்கவும்’ வர வேண்டிய இடத்தில் ‘கொஞ்சம் இரு, ஆயிடும்’ என்றிருந்தது. இங்கே மரியாதை வேண்டும் என்று சொன்னேனே என்றேன்.

அவர் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நீ உள்ள இருந்தப்போ, போறவங்க வர்றவங்க எல்லாரும் என்னாண்ட மரியாதையாதான் சொன்னாங்க, வெயிட் பண்ணுங்க சார்னு. ஒரு ஆளு, கொஞ்சம் இரு நைனா, ஆயிடும்னு சொல்லிருந்தா போதும். நா அங்கியே கெடந்திருப்பேன் நிம்மதியா.”

அன்றுவரை அவர் வெளியே எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்டதே இல்லை. அப்போது கேட்டேன். சொன்னார். மாலை முழுக்கச் சொன்னார்.

மற்றதையெல்லாம் திருத்திவிட்டேன். அந்தக் ‘கொஞ்சம் இரு, ஆயிடும்’ என்பதை மட்டும் ‘கொஞ்சம் பொறுங்கள், முடிந்துவிடும்’ என்று மாற்றி அனுப்பினேன். ‘முடிந்துவிடும்’ என்பது ஆங்கில மூலத்தில் இல்லையே என்று வெளிநாட்டிலிருந்த ஒருங்கிணைப்பாளர் கேட்டு எழுதினார். நடந்ததை எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: அது அப்படியே இருக்கட்டும், அக்கா, குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள்?

பால் குடிக்கிறாள், எடை ஏறுகிறது என்று எழுதி ஃபிளாப்பியில் போட்டேன். அந்த ஃபிளாப்பியையும் அவர்தான் சட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.