நழுவிய கண்ணு

போன வாரம் ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கில் ஒரு சால்வைக் கடைக்காரர் ஸ்வெட்டரை விரித்து, "கையால பின்னுனதுங்க, சத்தியமா" என்றார். யாராவது சத்தியம் செய்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மெஷின் வேலை!

"ஏனுங்க, உங்களுக்குப் பின்னத் தெரியுங்களா?"

"பாதி தெரியும்" என்றேன். ஈரக் கம்பளி வாசனையோடு அந்தப் பாதியின் கதையும் மூக்கில் ஏறியது.

பல வருஷங்களுக்கு முன் இதே ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். வீடு கீழே சேலத்தில். ஆறு மணிக்கு முடியும் வேலையை ஐந்தரைக்கே முடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய் பஸ்ஸில் இடம் பிடிப்பேன். மலைப்பாதையில் நின்றுகொண்டே போய்ப் பாருங்கள், தெரியும். மாட்டினால் வேலை போகும். வேலை போனால் அப்பா என்னைத் தறியில் உட்கார வைத்துவிடுவார். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது.

அப்போதுதான் அறைகளைச் சுத்தம் செய்யத் தனம் சேர்ந்தாள். பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்துப் பெண், என் வயதுதான். ஓய்வு நேரத்தில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து பின்னுவாள். நடுநடுவே ஒரு சீட்டில் கோடு போடுவாள். எதற்குக் கோடு? அதுவும் பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா.

ஒருநாள் செல்போனில் தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அறுவது கண்ணு வெச்சிருந்தனக்கா. நேத்து எப்படியோ ஒண்ணு நழுவிப்போச்சு. இன்னைக்குப் புடிச்சிருவேன்."

நேற்று நழுவியது நான்தானே! அப்படியானால் இவள் கண் வைத்திருப்பதும் என் மேல்தான். முந்திக்கொண்டு மேனேஜரிடம் போய், "அந்தப் புள்ள வேலையே பாக்கறதில்லீங்க, எந்நேரமும் ஊசியும் கையுமாத்தானுங்க இருக்குது" என்று போட்டுக்கொடுத்தேன். "பாக்கலாம்" என்றார்.

அதோடு விட்டேனா? அந்தச் சீட்டில் என்னதான் இருக்கிறதென்று பார்க்க, எனக்கும் பின்னச் சொல்லித் தரும்படி அவளிடமே கேட்டேன்.

"ஆம்பளைக்கு எதுக்குங்க இது?" என்று சிரித்தாள். ஆனாலும் ஊசியில் இருபது வளையம் ஏற்றிக் கொடுத்தாள். சீட்டைக் கேட்டதும் கூசாமல் காட்டினாள். "வரிசைக்கு ஒரு கோடுங்க. இல்லீன்னா நொம்பச் சீக்கிரம் கணக்கு மறந்துரும்." நான் நம்பவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊசியும் நூலுமாக எண்ணிக்கொண்டிருந்தபோது, யார் என்னைக் கவனிக்கிறார்கள் என்ற நினைப்பே வரவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

நாலாம் நாள் என் பின்னலில் ஓர் ஓட்டை விழுந்தது. தனம் எட்டிப் பார்த்தாள்.

"அட, ஒரு கண்ணு நழுவிருச்சு பாருங்க! இருங்க, புடிச்சர்றேன்." ஊசி முனையால் அந்த வளையத்தைத் தூக்கி மாட்டினாள்.

ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணு என்று பெயராம். அக்காவிடம் அவள் சொன்னதும் இதைத்தான், என்னை அல்ல. உடனே மேனேஜரிடம் ஓடியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

"இன்னும் கடைசியில கண்ண மூடோணுமுங்க. இல்லீன்னா அத்தனையும் பிரிஞ்சு போயிரும். நாளைக்குச் சொல்லித் தர்றேன்" என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. "நீ சொன்னது சரிதான்யா, நேத்து சாயங்காலமே அவள வேலைய விட்டு நிறுத்திட்டேன்" என்றார் மேனேஜர். அன்றும் ஐந்தரைக்கே பஸ் ஏறினேன்.

அந்த லாட்ஜ் இப்போது இல்லை. படிக்கட்டு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கொட்டச்சேட்டில் விசாரித்தேன், தனத்தின் குடும்பம் எப்போதோ திருப்பூர் பக்கம் போய்விட்டதாம். "செல்போன்ல பாத்தா ரெண்டு நிமிசத்துல முடிக்கக் கத்துக்கலாமுங்க" என்கிறாள் என் மனைவி. நான் பார்ப்பதில்லை.

அலமாரியைத் திறந்தால், அதே ஊசியில் இருபது கண்ணும் மூடாமல் இருக்கின்றன.