பதினேழாம் எண் வீட்டு மஞ்சள் பொட்டு

டொக். டொக். டொக்.

பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே ஒருவர் ரப்பர் சுத்தியலால் மரம் மரமாகத் தட்டிக்கொண்டு போகிறார். மழைக்காலம் வருகிறது, எது நிற்கும் எது சாயும் என்று பார்க்க வேண்டுமாம். உள்ளே கெட்டியாக இருந்தால் டொக். உளுத்துப்போயிருந்தால் டொம். அந்த வித்தியாசம் ஒன்பது வயதிலிருந்து என் காதில் குடியிருக்கிறது. கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் நான் என் சின்ன வயதுக் கிள்ளானுக்குப் போய்விட்டேன். மாமாவின் மோட்டார் சைக்கிளில், அவர் முதுகுக்குப் பின்னால், மடியில் மூன்று சாய டப்பாக்களோடு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீடமைப்புத் தாமான்களில் மரங்களைப் பராமரிக்கும் ஒரு குத்தகைக்கார சீன முதலாளியிடம் வேலை. எந்த மரமும் எவர் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தட்டுவார், பட்டையில் காதை வைப்பார், சுற்றளவு எடுப்பார், கடைசியில் ஒரு பொட்டு வைப்பார். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் சந்தேகம், இரண்டு வாரத்தில் திரும்ப வந்து பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் சனிக்கிழமை லோரி வந்து வெட்டிவிடும், பேச்சே கிடையாது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. சாய டப்பாக்களும் என் பொறுப்பில்தான். அதைவிடப் பெரிய பதவி எதுவும் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

பதினேழாம் எண் வீட்டு வாசலில் ஒரு அங்சானா மரம் நின்றது. பூத்தால் ஒரே நாள்தான். மறுநாள் காலையில் சாலை, சாக்கடை, அஞ்சல்பெட்டி, நிறுத்திவைத்த கார்கள் எல்லாம் மஞ்சளாகிக் கிடக்கும். அந்த வீட்டில் ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா ஒருவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகள் பள்ளி ஆசிரியை. மாலை ஆறு மணிக்கு மரத்தடியில் மேசை போட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். நான் அக்கா என்பேன். மாமா எப்படியும் கூப்பிடமாட்டார்; தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான்.

அந்த மரத்துக்கு மாமா மஞ்சள் பொட்டு வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனோம். மறுபடி மஞ்சள். மறுபடி போனோம். மற்ற மஞ்சள்கள் எல்லாம் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறி விமோசனம் பெற்றுக்கொண்டிருக்க, இது மட்டும் மஞ்சளாகவே நின்றது. மாமா பட்டையில் காதை ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்பார். கண் மட்டும் அந்த வீட்டுச் சன்னலில் இருக்கும். டாக்டரும் நெஞ்சில் குழலை வைத்துவிட்டு எங்கேயோதானே பார்க்கிறார் என்று நான் சமாதானமாகிவிடுவேன். ஒவ்வொரு முறையும் சோதனைச் சீட்டில் வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும்; ஒரு பிரதி அவர்களுக்கு. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ரோஜா சிராப் கொடுப்பாள். ஒருநாள் அம்மாவுக்கு என்று கொல்லையில் கறிவேப்பிலையும் பறித்துக் கொடுத்தாள்.

அப்புறம் ஒரு மழை அடித்தது. அடுத்த தெருவில் மஞ்சள் பொட்டோடு காத்திருந்த ஒரு மரம் சாய்ந்து, ஒரு காரின் முதுகைச் சப்பாத்திக் கட்டை உருட்டின மாதிரி ஆக்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். என் கண்ணில் நின்றதெல்லாம் அக்காவின் மரத்தடி மேசையும், அதில் குனிந்து நோட்டுத் திருத்துகிற ஒரு தலையும்தான்.

"மாமா, அக்கா வீட்டு மரம் விழுந்துடுமா?"

"அது விழாதுலா."

"அப்ப பச்சை வைங்க."

"முடியாது."

"ஏன்?"

"நீ நாடாவ ஒழுங்கா புடி."

ஆறாவது தடவை போனபோது, மாமா சீட்டோடு கேட்டருகே கனைத்துக்கொண்டு நின்றார். நான் மரத்தின் மறுபக்கம் போய் சிவப்பு டப்பாவைத் திறந்தேன். மாமாவின் பொட்டு இருபது காசு அளவு இருக்கும். என்னுடையது ரொட்டி சானாய் அளவுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் முதலாளி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். பதினேழாம் எண் வாசலில் ஒரு கிழவர் லோரியை மறித்துக்கொண்டு நிற்கிறாராம். மாமா சட்டைப் பொத்தானை வழியில் போட்டுக்கொண்டே வண்டியை விட்டார்; பின்னால் டப்பாக்களோடு நான்.

கிளைகளில் கயிறு கட்டியாகிவிட்டது. மின்வாள்காரர் வாளை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். மரத்துக்கும் அவருக்கும் நடுவில் குமாஸ்தா, கையில் ஒரு தடித்த கோப்பு. மாமாவைக் கண்டதும் அதைத் திறந்தார்.

"என்ரை கோப்பிலை மஞ்சள் எண்டு கிடக்கு. மரத்திலை சிவப்பு. எது சரி, தம்பி?"

ஆறு சீட்டும் துளையிட்டு நூல் கோத்து அதில் இருந்தன. மலாயில் மாமா எழுதியதை அவர் தமிழாக்கி ஊருக்கே வாசித்தார். "முதலாந் தரம், 'ஓசையில் சந்தேகம்'. ரெண்டாந் தரம், 'மறுபடி கேட்க வேண்டும்'. மூண்டாந் தரம், 'இன்னும் கேட்க வேண்டும்'." கண்ணாடியைச் சரிசெய்தார். "ஆறும் வியாழக்கிழமை, பின்னேரம் அஞ்சு மணி. அது நான் கோயிலுக்குப் போற நேரம்."

முதலாளி மாமாவின் பக்கம் திரும்பினார். "போக்கோ சாக்கிட் கா, தா சாக்கிட் கா?" மரத்துக்கு நோயா இல்லையா, அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

நோய் என்றால் மரம் போய்விடும். நோயில்லை என்றால் ஆறு வியாழக்கிழமைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். மாமா மரத்தைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார், அங்கே அக்கா நின்றாள்.

"மரம் நல்லாருக்கு பாஸ்," என்றார். "மொத நாளே நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப எதுக்கு அஞ்சு தடவை திரும்ப வந்தே?" என்று மலாயிலேயே கேட்டார் முதலாளி.

மாமா சன்னலைப் பார்த்துக் கனைத்தார். மின்வாள்காரர் வாளைக் கீழே வைத்தார். "பாஸ், நோய் மரத்துக்கு இல்லலா. கயித்த அவுக்கவா?"

தெரு சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. "சிவப்பு நான்தான் வச்சேன். அக்கா மேல விழுந்துடும்னு பயமா இருந்துச்சு."

குமாஸ்தா என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார், இரண்டையும் கோப்பில் குறித்துக்கொண்டார். பிறகு மாமாவிடம், "மரத்துக்கு ஒண்டுமில்லை எண்டால், இனி நீங்கள் வரத் தேவையில்லை," என்று கோப்பை மூடினார்.

முதலாளி, திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியில் ஏறினார். நான் பச்சை டப்பாவைத் திறந்து நீட்டினேன். மாமா இவ்வளவு சின்னப் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்தார், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.

அப்போது அக்கா கேட்டுக்கு வந்தாள். மாமாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே சொன்னாள்: "அப்பா, கொல்லையிலை நிக்கிற கறிவேப்பிலையும் ஒரு பக்கமாச் சரியுது. அதையும் இவர் ஒருக்காப் பாக்கட்டும்."

அந்தக் கறிவேப்பிலையை எனக்குத் தெரியும். என் இடுப்புயரம். வேரோடு சாய்ந்தாலும் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட ஆபத்தில்லை. அதைத் தட்டிப் பார்க்க ரப்பர் சுத்தியல் எதற்கு, தட்டினால் முறிந்துவிடாதா, படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று பின்சீட்டில் நான் குழம்பிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா கோப்பை மறுபடி திறந்து ஒரு வெற்றுத் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. அக்கா இந்த முறை மாமாவைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை வேண்டாம். ஞாயித்துக்கிழமை வாங்கோ. அப்பா வீட்டிலை இருப்பார்."