தொட்டா வேலை செய்யணும்

கையக் கொண்டுபோய் கண்ணாடிகிட்ட வச்சா, தொடுறதுக்கு முந்தியே முழங்கை வரைக்கும் முடியெல்லாம் எழுந்து நிக்கும். காதக் கிட்ட வச்சா பொரி பொரியிற மாதிரி 'சடசட'ன்னு ஒரு சின்னச் சத்தம் கேக்கும். சூடான தூசி வாசம் ஒண்ணு மூக்குல ஏறும். எங்க வீட்டுக்கு முதமுதல்ல வந்த கம்ப்யூட்டர நான் அப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், முடியாலயும் மூக்காலயும். விரலால தெரிஞ்சுக்க எனக்கு அனுமதி இல்ல. அந்த மிஷினோட பேரே 'தொடாதே'தான்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க நினைச்சிருந்தா ஆச்சரியமில்ல. எங்க வீட்டைத் தாண்டிப் போறவங்களுக்கு அந்த ஒரு சத்தம்தான் கேக்கும். அக்கா கத்துவா, அப்பா கத்துவாரு, அம்மா அடுப்படியிலேருந்தே, நான் எங்க நிக்கிறேன்னு பாக்காமலே கத்துவாங்க. பெரும்பாலும் நான் அங்கதான் நிப்பேன்.

அப்ப எனக்குப் பத்து வயசு. பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தோம். ரயில் போனா பாத்திரம் ஆடும், சாமி படம் ஆடும், கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுல இருந்த பச்சை எழுத்தும் கூடச் சேர்ந்து ஆடுச்சு. அப்பாவுக்கு சிக்னல் பகுதியில வேலை. ஏதோ ஒரு ஆப்பிஸ்ல பழசுன்னு கழிச்சுவிட்ட கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் சேர்த்து வாங்கி, யாரோ வீடு மாறுற லோரியில, அவங்க அலமாரிக்கும் மெத்தைக்கும் நடுவுல வச்சுக் கொண்டுவந்து இறக்குனாரு. மாலா அக்கா காலேஜ்ல கம்ப்யூட்டர் டிப்ளோமா படிச்சுக்கிட்டிருந்தா, அவளுக்காகத்தான். அதுல ஒரு பாடத்துல அவ பெயில் ஆயிட்டா. மறுபடி ஒரு வாய்ப்பு குடுத்திருந்தாங்க: ஒரு கட்டுரை எழுதிக் குடுக்கணும், அது தேறுனா அக்காவும் தேறிடுவா. தேறலன்னா என்னன்னு அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து தீர்ப்பு சொல்லிட்டாரு. "மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல மாமா துணிக்கடை இருக்கு. போய் சேலை மடிக்கட்டும்."

அக்காவுக்கு சேலை மடிக்கவே வராது. அதனாலயே இன்னும் பயம்.

கட்டுரைத் தலைப்பு என்னன்னா, மேசை மேல இருக்கிற இந்தக் கம்ப்யூட்டர் வரப்போற காலத்துல எப்படி மாறும்ங்கிறது. இப்ப இருக்கிறத இயக்கவே அக்கா பத்து தரம் யோசிப்பா, இதுல வரப்போறது வேற. அதனால ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க எங்க வீட்ல எதிர்காலம்தான் பரிமாறுனாங்க. அப்பா ரயில்காரரு, அவருக்கு வளர்ச்சின்னா நீளம். "முன்ன ரயிலுக்கு எத்தன பெட்டி, இப்ப எத்தன பெட்டி? எல்லாம் பெருசாத்தான்மா ஆகும். இந்த ஹால் பத்தாது, எழுதிக்க." நான் என் பங்குக்கு, கம்ப்யூட்டர் பக்கவாட்டுல ஒரு குழாய் வரும், அதத் திறந்தா சிராப் பண்டோங், அந்த இனிப்பு ரோஸ் பாலு, ஊத்தும்னு சொன்னேன். அக்கா என்னைப் பாத்த பார்வையில அன்னிக்கே எனக்கு சர்க்கரை வியாதி வந்திருக்கணும். கொஞ்சம் லேட்டா, போன வருஷம்தான் வந்துச்சு.

அம்மா ரசச் சட்டியோட வந்தாங்க. ரசம் ஊத்திக்கிட்டே சொன்னாங்க, "தொட்டா வேலை செய்யணும்."

"எதம்மா?" அக்கா கேட்டா.

"அந்தக் கண்ணாடியத்தான். இங்கிலீஷ்ல ஏதோ அடிக்கிற, அது திருப்பி ஏதோ கேக்குது, நீ முழிக்கிற. எனக்கு ரெண்டும் தெரியாது. என்னைப் போல உள்ளவங்க என்ன பண்ணுவாங்க? இது வேணும்னா இதத் தொடணும், அது வேணும்னா அதத் தொடணும். அவ்ளோதான்லா."

அக்கா சிரிச்சிட்டா. "அது கண்ணாடிம்மா. யாரு தொட்டாங்க, எங்க தொட்டாங்கன்னு கண்ணாடிக்கு எப்படித் தெரியும்?"

"சாமி படத்துக்கும் கண்ணாடிதான் போட்டிருக்கு," அம்மா சொன்னாங்க. "தினமும் தொட்டுக் கும்பிடுறோம். தெரியாமலா நமக்கு சோறு வருது?"

அப்பவே உலகத்துல எங்கயோ ஆராய்ச்சிக்கூடத்துல தொடுதிரை இருந்துச்சாம். எங்க குவாட்டர்ஸுக்கு சேதி வரல. அம்மா அத ரசக் கரண்டியோட தனியா நின்னு கண்டுபிடிச்சாங்கன்னுதான் நான் இன்னிக்கும் நம்புறேன். அன்னிக்கு நம்பலங்கிறதையும் சொல்லிடுறேன். "மீன் விக்கிற அங்கிள் வந்து தொட்டா என்ன ஆகும்? கண்ணாடியெல்லாம் செதிலாயிடும்"னு கிண்டல் பண்ணேன். இந்தத் துறைக்கு நான் சொன்ன ஆருடம் மொத்தம் ரெண்டு, குழாயும் செதிலும்.

அக்காவுக்கு வேற ஒண்ணும் தோணல. கடைசிப் பகுதியா அம்மா சொன்னதையே கொஞ்சம் சூட்டுக்கோட்டு மாட்டி இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டா. பிரிண்ட் எடுக்கிறது மட்டும் பாக்கி. திங்கக்கிழமை காலையில கொண்டுபோய்க் குடுத்தா சரி. ஆனா அதுக்கு முந்துன நாள் ஞாயித்துக்கிழமை, சரஸ்வதி பூஜை.

எனக்கு வருஷத்துலயே பிடிச்ச நாள் அது. புத்தகத்தையெல்லாம் சாமிக்கு முன்னாடி அடுக்கி வச்சிட்டா, மறுநாள் காலையில எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. படின்னு யாரும் சொல்ல முடியாது, சொன்னா சாமி குத்தம். அந்த வருஷம் கணக்குப் புத்தகத்தோட வீட்டுப்பாட நோட்டையும், கூடவே ரிப்போர்ட் கார்டையும் சேர்த்து வச்சிட்டேன். அப்பா அவரோட ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியலக் கழுவி வச்சாரு. அம்மாவோட தையல் மிஷினுக்குப் பொட்டு. கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல, அதனால சாமி படம் ஹாலுக்கு வந்துச்சு. திரை ஓரத்துல சந்தனம் வச்சு நடுவுல குங்குமம், கீபோர்டுக்கு மேல ஒரு முழம் பூ, புது காருக்கு வைக்கிற மாதிரி மேசைக்காலுக்கு ஒரு எலுமிச்சம்பழம். அக்காவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "அம்மா, பிரிண்ட் மட்டும் எடுத்துக்கிறேன்மா."

"தொடாதே," அம்மா சொன்னாங்க. வாழ்க்கையில முதமுறையா அந்த வார்த்தை அக்காவப் பாத்து வந்துச்சு. எனக்குக் காதுல தேன்.

மறுநாள் விடிஞ்சதும் அக்கா குளிச்சிட்டு ஓடியாந்து, பூவ ஒதுக்கி வச்சிட்டு டிஸ்கை எடுத்தா. அந்தக் காலத்து டிஸ்க் அப்பளம் மாதிரி அகலமா, வளைஞ்சு குடுக்கும். மிஷின் நெத்தியில ஒரு நீளமான வாய் இருக்கும், அதுக்குள்ள சொருகித்தான் எல்லாத்தையும் தொடங்கணும். சொருகுனா. பாதி போய் 'டக்'. திரும்ப சொருகுனா. 'டக்'. வாயில எதையோ வச்சுக்கிட்டு சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிற பிள்ளை மாதிரி அது நின்னுக்கிச்சு.

எங்க வீட்ல எது 'ரோசாக்' ஆனாலும், அதாவது கெட்டுப்போனாலும், ரேடியோவோ ரைஸ் குக்கரோ, முதல்ல என் காதத்தான் திருகுவாங்க. அன்னிக்கும் அக்கா ஒரு காது, அம்மா ஒரு காது. "என்னடா பண்ண? என்னத்தடா உள்ள போட்ட?" நான் சத்தியம் பண்ணேன், பூஜையில இருக்கிற ரிப்போர்ட் கார்டு மேல அடிச்சு சத்தியம் பண்ணேன், அது எவ்ளோ பெரிய ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க. அப்பதான் பின்னாடி ஒரு இருமல். சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டே அப்பா நின்னுக்கிட்டிருந்தாரு. வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்பாம, சுவத்துல ஆணியடிச்ச மாதிரி நின்னாரு.

"இருபது காசு," அப்பா சொன்னாரு.

யாருக்கும் புரியல.

"சாமிக்கு முன்னாடி இருக்கு, பொட்டு வச்சிருக்கு, நடுவுல காசு போடுற மாதிரி வாய் இருக்கு. உண்டியல் மாதிரித்தானே இருக்கு? ஒரு காணிக்கை போட்டேன்."

அம்மா என் காத விட்டுட்டாங்க. அக்கா விடல. "அப்பா... எதுக்குப்பா?"

அப்பா எங்க யாரையும் பாக்கல, எலுமிச்சம்பழத்தப் பாத்தாரு. "பாஸ் ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்லா. அதுக்கு என்ன இப்ப?"

சேலை மடிக்கப் போகட்டும்னு சொன்ன மனுஷன்தான். ஒரு ரயில் போச்சு, பாத்திரமெல்லாம் ஆடி அடங்குச்சு, அதுக்கப்புறம்தான் அக்கா என் காத விட்டா. விட்டுட்டு நேரா சாமிகிட்ட போய், குங்குமம் வச்ச ஸ்க்ரூ டிரைவர எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அதுவரைக்கும் சுவிட்ச் தட்டவே யோசிக்கிறவ, பிளக்கப் பிடுங்கிட்டு மிஷினோட மூடியத் திருகித் திருகிக் கழட்டுனா. அப்பா, "மாலா, பாத்துமா, பாத்துமா"ன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னாரு, ஆனா 'தொடாதே'ன்னு சொல்லல. உள்ள இருந்த டிஸ்க் பெட்டியக் கழட்டித் தலைகீழாக் கவுத்து அவ ஒரு உலுக்கு உலுக்கவும், கொஞ்சம் விபூதியோட இருபது காசு 'டிங்'குன்னு சிமெண்டுத் தரையில விழுந்து, உருண்டு, அப்பா கால்கிட்ட போய்ப் படுத்துக்கிச்சு.

பிரிண்டர் 'கிர்ர்ர்'ன்னு கத்திக்கிட்டு ஒவ்வொரு வரியா துப்புச்சு. வேலைக்குப் போக வேண்டிய அப்பா, மோட்டார் சைக்கிள்ல அக்காவ உக்கார வச்சு நேரா காலேஜுக்குப் பறந்தாரு. அக்கா பாஸ். அப்பா அந்த இருபது காச மறக்காம கோயில் உண்டியல்ல போட்டுட்டு வந்தாரு, இந்தத் தடவை அது உண்டியல்தான்னு ரெண்டு தரம் பாத்துட்டு. கட்டுரைய மட்டும் விரிவுரையாளர் முழுசா விட்டுடல; அம்மாவோட யோசனைக்குப் பக்கத்துல சிவப்பு மையில, 'கற்பனை நல்லா இருக்கு, நடைமுறைக்கு ஒத்து வராது'ன்னு எழுதியிருந்தாரு. அம்மாவுக்கு அத அக்கா தமிழ்ல படிச்சுக் காட்டுனா. "அவரு வீட்ல சாமி படம் இல்ல போல," அம்மா சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டாங்க.

இப்ப நான் கிள்ளான்ல இருக்கேன், ஒரு லோரி கம்பெனியில கணக்கு எழுதுறேன். அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. அம்மா என்கூட. அக்கா மெல்பர்ன்ல; கம்ப்யூட்டரத் திறந்து பாக்கிறதையே பிழைப்பாக்கிக்கிட்டா. போன மாசம் அம்மா அக்காவப் பெருசாப் பாக்கட்டும்னு ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். திரைதான் கம்ப்யூட்டர், வேற பெட்டியே கிடையாது, தொட்டா வேலை செய்யும். கடைத் தம்பி ரொம்பப் பேசுனாரு. "பாஸ், இதுவே பழசாகப் போகுது. இனிமே தொடவே வேணாம். நீங்க கண்ணால பார்த்தா புரிஞ்சுக்கும், வாயால சொன்னா செஞ்சுடும். மேசையில ஒண்ணுமே இருக்காது பாஸ்." குழாயும் செதிலும் சொன்னவன் நான், எதிர்த்துப் பேச எனக்கு ஏது தகுதி? தொடுறதுக்குன்னு கூடக் கொஞ்சம் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா திரையில வந்தா, ஆளுயரத்துக்கு இல்லைன்னாலும் அசல் முக அளவுக்கு. அம்மாவுக்குக் கண்ணு நிறைஞ்சுடுச்சு. எழுந்து போய், சின்னப் பிள்ளையிலேருந்து எப்படிக் கொஞ்சுவாங்களோ அப்படியே அக்காவோட தாடையப் பிடிச்சாங்க. இந்த மிஷின செஞ்சவங்க வீட்ல யாரும் யார் தாடையையும் பிடிச்சுக் கொஞ்ச மாட்டாங்க போல. பேச்ச வெட்டுற சிவப்புப் பொத்தான சரியா அந்த இடத்துல வச்சிருக்காங்க. அக்கா போயிட்டா. அம்மா விரல் அந்தரத்துல நிக்குது. திரும்ப கூப்பிட்டேன், அக்கா வந்தா, அம்மா தாடையப் பிடிச்சாங்க, அக்கா போயிட்டா. மூணாவது தடவை என்னையறியாம என் வாயிலேருந்து வந்துடுச்சு: "தொடாதீங்கம்மா!"

அம்மா திரும்பிப் போய் உக்காந்து, கைய மடியில வச்சுக்கிட்டாங்க. அந்தப் பக்கம் அக்கா அத அப்படியே பாத்துக்கிட்டிருந்தா. "டேய், அம்மாவப் போய் அப்படிச் சொல்லாதடா," அவ சொன்னா. நான் சமாளிக்கிறதுக்காக அம்மாகிட்ட கடைத் தம்பி சொன்னத எடுத்துவிட்டேன். "இனிமே தொடவே வேணாமாம்மா, பார்த்தாலே போதுமாம்."

"பார்த்தா எப்படிடா போதும்?" அம்மா கேட்டாங்க. "அப்ப கை எதுக்கு?"

அக்கா மெல்பர்ன்லேருந்து ஒவ்வொண்ணா வழி சொன்னா. எங்க போகணும், எத அழுத்தணும்னு. நான் ஒரு விரலால தட்டித் தட்டிப் போனேன். கடைசியா ஒரு சின்னக் கட்டத்த அமுக்குனதும், கூடக் காசு குடுத்து வாங்குன தொடுதிரையில அந்தத் 'தொடு' மட்டும் செத்துப்போச்சு, படம் சாகல. இப்ப அது வெறும் கண்ணாடி. எழுந்து நிக்க என் கையில முடி மிச்சம் இருக்கு, ஆனா இந்தக் கண்ணாடி எதையும் எழுப்புறதில்ல. சடசடப்பு இல்ல, சூடான தூசி வாசம் இல்ல, காசு போடுறதுக்கு எங்கயும் ஒரு வாய் இல்ல. பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வீடு இருந்த இடத்துல நிக்கிற கட்டடத்த ஒரு ரயிலும் ஆட்ட முடியாது. எனக்கு அதுல ஒண்ணும் பெரிய வருத்தமில்ல. சரஸ்வதி பூஜைக்கு இதுலயும் ஓரத்துல ஒரு சந்தனப் பொட்டு உண்டு, அவ்வளவு போதும்.

அம்மாவ மெதுவா முன்னாடி கூட்டிட்டு வந்தேன். அந்தப் பக்கம் அக்கா, அம்பத்தஞ்சு வயசு மனுஷி, தாடைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அம்மா பிடிச்சாங்க. விரலைக் குவிச்சு முத்தம் வச்சுக்கிட்டாங்க. திரும்பவும் பிடிச்சாங்க. அக்கா அங்கேயே இருந்தா, போகல.

அம்மா என்னைத் திரும்பிப் பாத்து சொன்னாங்க, "இப்பத்தான்டா இது தொட்டா வேலை செய்யுது."